அந்தத் துடுப்பு அங்கேயே இருக்கட்டும்

வாசகர் கடிதம்

வணக்கம் மேடம். எனக்கு 46 வயது. ஜூரோங் வெஸ்ட்டில் இருக்கிறோம். எங்கள் பூர்வீகம் கடையநல்லூர். நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் சிங்கப்பூர்தான். கணவர் மலாய்க்காரர். அவருடைய தகப்பனார் செமாக்காவ் தீவில் பிறந்தவர். தீவைக் காலி செய்தபோது தெலுக் பிளாங்கா புளோக் வீட்டுக்கு வந்தவர். எங்களுக்கு ஒரே மகன், 17 வயது, பலதுறைத் தொழிற்கல்லூரியில் முதலாண்டு. நான் வேலைக்குப் போனதால் என் அம்மாதான் அவனை வளர்த்தார். வீட்டில் தமிழ் பேசுவான், பள்ளியிலும் தாய்மொழி தமிழ். ஆனால் உயிரையே அவன் ஆத்தோக் மேல்தான் வைத்திருந்தான். மலாய்த் தாத்தாவை அப்படித்தான் கூப்பிடுவான். இரண்டு பேரும் வாரா வாரம் மீன்பிடிக்கப் போவார்கள். எட்டு மாதத்துக்கு முன்னால் ஆத்தோக் மௌத்தாகிவிட்டார்.

மூன்று மாதத்துக்கு முன் செமாக்காவ் குப்பை நிரப்பு நிலத்தைப் பார்க்க வகுப்போடு போயிருக்கிறான். "என் ஆத்தோக் இங்கதான் பொறந்தாரு" என்று இவன் சொல்ல, கூடப் படிக்கும் பையன் "அப்ப நீ குப்பைமேட்டுப் புள்ளையா?" என்று சிரித்திருக்கிறான். அதிலிருந்து ராத்திரி தூங்குவதில்லை. ஆத்தோக்கோடயே நானும் போயிருக்கலாம் என்று ஒருநாள் சொன்னான். பந்து விளையாடப் போவதையும் விட்டுவிட்டான். வகுப்புக்குப் பாதி நாள் போவதில்லை. நடுராத்திரியில் தூண்டிலை எடுத்துக்கொண்டு வெஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் போய் உட்கார்ந்திருக்கிறான். ஆத்தோக்கின் பழைய படகுத் துடுப்பை எடுத்துவந்து கட்டிலோரம் சாத்தி வைத்திருக்கிறான். "நான் மலாயும் இல்ல, தமிழும் இல்ல" என்கிறான். கணவரிடம் சொன்னால், "தீவுக் கதை முடிஞ்சுபோன கதை, கிளறாதே" என்கிறார். என் அம்மா, தமிழ்ப் பிள்ளையாக வளர்த்தும் இப்படி ஆகிவிட்டதே என்று அழுகிறார். ஓதிப் பார்க்கலாம் என்கிறார் என் அண்ணன். இது மனநோயா மேடம்? டாக்டரிடம் காட்டினால் பதிவாகி நாளைக்கு வேலை கிடைக்காமல் போய்விடுமா? இந்தத் தீவுப் பைத்தியத்தை நிறுத்த நான் என்ன செய்ய வேண்டும்?

ஆலோசகர் பதில்

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தின் நடுவே, பேச்சோடு பேச்சாக ஒரு வரி வந்துபோகிறது. ஆத்தோக்கோடயே நானும் போயிருக்கலாம் என்று மகன் சொன்ன வரி. உடனே பந்து விளையாட்டைப் பற்றி எழுதப் போய்விட்டீர்கள். பயந்த மனசு அப்படித்தான் தாண்டிப் போகும். நான் அந்த வரியிலிருந்துதான் தொடங்க வேண்டும். தீவையும் தமிழையும் பற்றி அப்புறம் பேசுவோம்.

அவனிடம் நேராகக் கேளுங்கள். இன்றைக்கே கேளுங்கள். கேட்டால் இல்லாத நினைப்பை நாமே உண்டாக்கிவிடுவோமோ என்று எல்லாப் பெற்றோரும் தயங்குகிறார்கள். அப்படி ஆவதில்லை என்பது ஆராய்ச்சிகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த உண்மை. யாராவது கேட்டால் போதும் என்று காத்திருக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். நீங்கள் வீட்டில் பேசுகிற தமிழிலேயே கேளுங்கள். "தம்பி, ஆத்தோக்கோட போயிருக்கலாம்னு அன்னிக்குச் சொன்னியே, அது எம் மனச அறுத்துக்கிட்டே இருக்கு. செத்துப் போகணும்னு ஒனக்குத் தோணுதா?" சாவு என்ற சொல்லை விழுங்காதீர்கள். "அப்படியெல்லாம் ஒண்ணும் நெனக்கலையே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 'இல்லை' என்ற பதிலை நீங்களே அவன் கையில் கொடுத்தது போலாகிவிடும்.

'ஆமாம்' என்றோ 'சில நேரம்' என்றோ சொன்னால் அழுது அரற்றாமல், அறிவுரையும் சொல்லாமல், பக்கத்தில் உட்கார்ந்து முழுக்கக் கேளுங்கள். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறானா என்றும் கேட்க வேண்டும். யோசித்து வைத்திருந்தால் அவனைத் தனியே விடக் கூடாது. மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கிறது. அதன் தொலைபேசி எண் 6389 2222. சிங்கப்பூர் அபய ஆலோசனைச் சங்கத்தை 1767 என்ற எண்ணில் எந்நேரமும் கூப்பிடலாம். பெற்றோராக நீங்கள் கூப்பிட்டாலும் பேசுவார்கள். வீட்டில் மாத்திரைகள் இருந்தால் பூட்டி வையுங்கள். 'இல்லை, சும்மா சொன்னேன்' என்று அவன் சொன்னாலும் அந்த ஒரு பதிலோடு விட்டுவிட வேண்டாம். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை கேளுங்கள்.

இப்போது உங்கள் கேள்வி. இது மனநோயா?

கடிதத்தை மட்டும் வைத்து நோய் என்றோ இல்லை என்றோ நான் சொன்னால் அது பொறுப்பில்லாத வேலை. ஆனால் ஒன்றைப் பிரித்துக் காட்ட முடியும். உங்கள் வீட்டில் இரண்டு காரியங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன, நீங்கள் இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டீர்கள். தூக்கம் போனது, விளையாட்டு கசந்தது, வகுப்புக்குப் போக முடியாதது, செத்துப்போன ஆளோடு தானும் போயிருக்கலாம் என்ற பேச்சு, இவையெல்லாம் ஒரு பக்கம். இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தாலே தேர்ந்தவர் ஒருவர் பார்க்க வேண்டும், உங்கள் பிள்ளைக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது. துடுப்பு, தூண்டில், தீவு, 'நான் யார்' என்ற கேள்வி, இது இன்னொரு பக்கம். முதலாவதற்குச் சிகிச்சை வேண்டும். இரண்டாவதற்குச் சிகிச்சை தேவையில்லை, அதை நிறுத்தவும் கூடாது. அதைப் பிடுங்கிவிட்டால் முதலாவது இன்னும் மோசமாகும் என்பது என் உறுதியான கருத்து.

அவனுடைய கல்லூரியில் ஆலோசகர் இருப்பார், முதலில் அங்கே போகலாம். கல்லூரியில் யாருக்காவது தெரிந்துவிடும் என்று தயங்கினால், மனநலக் கழகம் நடத்தும் 'சாட்' நிலையம் 16 முதல் 30 வயது வரையுள்ள இளையருக்காகவே இருக்கிறது. ஆலோசனையும் மதிப்பீடும் அங்கே இலவசம், பேசுவதை வெளியே சொல்ல மாட்டார்கள். உங்கள் மகன் இதில் தனியாள் இல்லை. மனநலக் கழகம் 2024-ல் வெளியிட்ட தேசிய இளையர் ஆய்வில், 15 முதல் 35 வயதுக்குட்பட்டவர்களில் 30.6 விழுக்காட்டினர் மனச்சோர்வு, பதற்றம், மன உளைச்சல் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று கடுமையாக இருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஏறக்குறைய மூவரில் ஒருவர். அவனைச் சிரித்த பையனும் அந்த மூவரில் ஒருவனாக இருக்கலாம்.

வேலை கிடைக்காமல் போகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்தப் பயத்தால் தள்ளிப்போட்டு, நோய் முற்றிய பிறகு வரும் குடும்பங்களைப் பார்த்து நான் நொந்துபோயிருக்கிறேன். வேலைக்கு விண்ணப்பிக்கிறவரிடம் மனநல வரலாற்றைக் கேட்கக் கூடாது என்பது 2020 முதல் முதலாளிகளுக்கான வழிகாட்டுதலில் இருக்கிறது. 2025 ஜனவரியில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய வேலையிட நியாயச் சட்டம், மனநலக் குறையைக் காரணம் காட்டி ஒருவரை ஒதுக்குவதைப் பாகுபாட்டுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. தேசிய சேவைக்கான மருத்துவப் பரிசோதனையில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். அது அவன் பாதுகாப்புக்குத்தான்.

ஓதிப் பார்க்கலாம் என்ற அண்ணனின் யோசனையை நான் தட்டிக் கழிக்கவில்லை. துஆ கேட்பதில் பிள்ளைக்கு ஆறுதல் கிடைத்தால் நல்லது. பிள்ளை மேல் ஏதோ ஏறிவிட்டது என்று சொல்கிறவரிடம் மட்டும் அழைத்துப் போக வேண்டாம். டாக்டரைப் பார்ப்பதை அதற்காகத் தள்ளிப்போடவும் வேண்டாம்.

இனி தீவுக்கு வருவோம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் 'பைத்தியம்' என்ற சொல்லை நீங்கள் இங்கேதான் போட்டிருக்கிறீர்கள்.

உங்கள் மாமனார் வெறும் 'தீவில் பிறந்தவர்' மட்டும் இல்லை. 1819-ல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது சிங்கப்பூரில் இருந்ததாகச் சொல்லப்படும் ஏறத்தாழ 1,000 பேரில் பெரும்பாலோர் கடல் மக்கள். காலாங் ஆற்று முகத்தில் ஒராங் காலாங், வடக்கு நீரிணையில் ஒராங் செலேத்தார், இன்னும் ஒராங் கெலாம். ஒராங் லாவுட் என்று பொதுவாகச் சொல்வார்கள். படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்தவர்கள் பலர். ஒராங் காலாங்கை ஜொகூரில் பூலாய் ஆற்றுப் பக்கம் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். 1847-ல் பெரியம்மை வந்து அவர்களில் பெரும்பகுதியைக் கொண்டுபோய்விட்டது. ஒராங் செலேத்தார் இன்றும் ஜொகூர் பாருவைச் சுற்றிக் கடலோரத்தில் வாழ்கிறார்கள், மலேசியா அவர்களை ஒராங் அஸ்லியில், அதாவது பூர்வகுடிகளில், ஒரு பிரிவாக அங்கீகரித்திருக்கிறது. தெற்குத் தீவுகளில் இருந்தவர்கள் இங்கேயே இருந்தார்கள். புக்கோமில் 1961-ல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. சூடோங் தீவு பிறகு ராணுவப் பயிற்சிக்குப் போனது. செமாக்காவ்காரர்கள் 1970களில் புளோக் வீடுகளுக்கு வந்துவிட்டார்கள்.

நம் அரசமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவு மலாய்க்காரர்களை இந்நாட்டின் பூர்வகுடிகள் என்று சொல்கிறது. கடல் மக்களுக்கென்று இனப் பதிவில் தனிப் பெயர் இல்லை, மலாய் என்ற பெயருக்குள் அவர்களும் அடக்கம். 2011 முதல் கலப்புத் திருமணப் பிள்ளைகளின் பதிவில் இரண்டு இனத்தையும் நடுவில் கோடு போட்டு எழுதலாம். அந்தக் கோட்டின் இரண்டு பக்கத்திலும் உங்கள் மகனுடைய ஆத்தோக்கின் தீவு இல்லை. 'நான் மலாயும் இல்ல, தமிழும் இல்ல' என்று அவன் சொன்னது உங்கள் காதில் வெறுப்பாக விழுந்திருக்கிறது. எனக்கு அது 'இன்னொண்ணு இருக்கு, அதுக்கு எங்கிட்டப் பேரு இல்ல' என்று கேட்கிறது.

அப்படிப் பெயர் தேடிக்கொண்டிருக்கிற பையனிடம் ஒருவன் 'குப்பைமேடு' என்ற பெயரைக் கொடுத்துவிட்டான்.

அந்தச் சுற்றுலாவில் வழிகாட்டி சொல்லியிருப்பார். நிரப்பு நிலம் திறந்தது 1999 ஏப்ரல் 1-ல். செமாக்காவுக்கும் பக்கத்துச் சாக்கெங் தீவுக்கும் நடுவே 7 கிலோமீட்டர் பாறை அணை கட்டி 350 ஹெக்டரைச் சுற்றி வளைத்தார்கள். எரியாலைச் சாம்பல் துவாசிலிருந்து படகில் அங்கே போகிறது. 2035 வரை இடம் போதும் என்பது கணக்கு. எல்லாம் உண்மை, நாட்டுக்குத் தேவையான வேலையும்கூட. ஆனால் ஆத்தோக் இறந்து ஐந்தே மாதத்தில் இந்தக் கணக்கை அவர் பிறந்த ஊரிலேயே நின்று கேட்ட பிள்ளையின் நிலையை யோசித்துப் பாருங்கள். அங்கே ஊர் இருந்தது, தொட்டில் கட்டினார்கள், மையித்து தூக்கினார்கள் என்று யாராவது இரண்டு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தக் கேலிக்கே இடம் இருந்திருக்காது. அவனிடம் நீங்கள் சொல்லலாம்: பழைய செமாக்காவ் முழுதும் சாம்பலுக்கு அடியில் போய்விடவில்லை. மேற்குக் கரையில் கடற்புல்லும், வற்றும்போது தெரியும் திட்டுகளும் இருக்கின்றன. கட்டுமானத்தில் அழிந்த அலையாத்திக் காட்டுக்கு ஈடாக 400,000 கன்றுகளை நட்டார்கள், அவை வளர்ந்து நிற்கின்றன.

'தேடிப் போகிற பிள்ளையைத் தடுத்தால் மோசமாகும்' என்று மேலே எழுதினேன். எதை வைத்துச் சொல்கிறேன் என்று நீங்கள் கேட்க வேண்டும். கனடாவை வைத்துச் சொல்கிறேன். அங்கே பூர்வகுடிப் பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, சொந்த மொழியைப் பேசினால் தண்டிக்கும் விடுதிப் பள்ளிகளில் அடைத்தார்கள், தலைமுறை தலைமுறையாக. கடைசிப் பள்ளிகள் மூடப்பட்டது 1990களில்தான். அந்த மக்களின் இளையரிடையே தற்கொலை மிக அதிகம் என்று எல்லாரும் பொத்தாம்பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தபோது, மைக்கேல் சாண்ட்லர், கிறிஸ்டபர் லலாண்ட் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் ஏறக்குறைய 200 பூர்வகுடிச் சமூகங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். 1987 முதல் 1992 வரையிலான ஐந்தாண்டுக் கணக்கு, 1998-ல் வெளியானது. பாதிக்கு மேற்பட்ட சமூகங்களில் அந்த ஐந்தாண்டில் ஓர் இளையர்கூடத் தன் உயிரை மாய்த்துக்கொள்ளவில்லை. சாவுகளெல்லாம் மிகச் சில சமூகங்களிலேயே குவிந்து கிடந்தன.

என்ன வித்தியாசம் என்று தேடினார்கள். நிலத்துக்காக வழக்காடியது, தங்களைத் தாங்களே நிர்வகித்தது, பள்ளி, சுகாதாரம், காவலும் தீயணைப்பும் தங்கள் கையில் இருந்தது, பண்பாட்டுக்கென்று ஓர் இடம் வைத்திருந்தது. இந்த ஆறும் இருந்த சமூகங்களில் எண்ணிக்கை பூச்சியம். பின்னால் 2007-ல் மொழியையும் சேர்த்துப் பார்த்தார்கள். சமூகத்தில் பாதிப்பேருக்கு மேல் தங்கள் மொழியில் பேசத் தெரிந்த இடங்களில் இளையர் தற்கொலை மிகக் குறைவு, அல்லது இல்லவே இல்லை.

இது ஊர்களின் கணக்கு, தனி ஆளுக்கு எழுதிய மருந்துச் சீட்டு ஆகாது. மீன்பிடிக்கப் பழகினால் மனச்சோர்வு போய்விடும் என்று நான் சொன்னால் பொய். கனடாவின் கொடுமையும் நம் தீவுக்காரர்கள் புளோக் வீட்டுக்கு வந்ததும் ஒன்று என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் கணக்கிலிருந்து நான் எடுத்துக்கொள்வது ஒன்று இருக்கிறது. அந்த ஊர்களில் 'நான் யார்' என்ற கேள்விக்கு எந்தப் பிள்ளையும் தனியே உட்கார்ந்து பதில் தேட வேண்டியிருக்கவில்லை. ஊரே சேர்ந்து பள்ளி நடத்தியது, நிலத்துக்கு வழக்குப் போட்டது, பாட்டி பேசினால் பேரனுக்குப் புரிந்தது. உங்கள் மகன் அந்தக் கேள்வியோடு நடுராத்திரியில் வெஸ்ட் கோஸ்ட்டில் தனியே உட்கார்ந்திருக்கிறான். கேள்வி அவனைக் கெடுக்கவில்லை சகோதரி. அதோடு அவன் தனியாக இருப்பதுதான் எனக்குக் கவலை.

நியூசிலாந்தின் மவோரி மனநல மருத்துவர் மேசன் டூரி, 1980களில் உடல்நலத்தை ஒரு வீடாக வரைந்து காட்டினார். நான்கு சுவர்: உடல், மனம், குடும்பம், ஆன்மா. வீடு நிற்பது நிலத்தின் மேல். ஒரு சுவர் சாய்ந்தாலும் வீடு ஆடும். எனக்கு மிகவும் பிடித்த படம் இது, குடும்பங்களிடம் அடிக்கடி வரைந்து காட்டுவேன். உங்கள் பிள்ளையின் வீட்டை இப்படிப் பாருங்கள். தூக்கமில்லாமல் உடல் சாய்ந்திருக்கிறது. மனம் இன்னும் ஆத்தோக்கின் துக்கத்தில் இருக்கிறது. அவர் கபுருக்கு இவன் கடைசியாக எப்போது போனான்? நோன்புப் பெருநாளுக்கு எல்லாரும் கூட்டமாகப் போனதைக் கேட்கவில்லை. அவனும் தகப்பனாரும் மட்டும் சுவா சூ காங் போய், ஓதிவிட்டு, அவசரமில்லாமல் உட்கார்ந்திருந்து வந்ததுண்டா? இல்லையென்றால் இந்த வாரமே போகச் சொல்லுங்கள்.

குடும்பச் சுவர் உங்கள் கணவருடையது. 'முடிஞ்சுபோன கதை' என்று அவர் சொல்வதைக் கல்நெஞ்சு என்று நினைக்காதீர்கள். தீவை விட்டு வந்த குடும்பத்தில், புளோக் வீட்டில் வளர்ந்த முதல் தலைமுறை அவர். 'தீவுக்காரன்' என்ற பேச்சை வகுப்பில் அவரும் கேட்டிருக்கக்கூடும். தகப்பனார் வீட்டுக்குள் பேசாமல் ஒடுங்கிப்போனதைப் பார்த்திருக்கக்கூடும். மகன் கேட்ட கேலியை அவரும் அந்த வயதில் கேட்டிருந்தால், இரண்டு பேருக்கும் அது தெரிய வேண்டும். அவரை நீங்கள் கேள்வி கேட்க வேண்டாம். மகன் தூண்டிலை எடுக்கும்போது 'போகாதே' என்பதற்குப் பதிலாக, 'இரு, நானும் வர்றேன்' என்று அவர் கிளம்பட்டும். வார நாளில் வேண்டாம், பிள்ளை தூங்க வேண்டும். சனிக்கிழமை சாயங்காலம், மீன்பிடிக்க அனுமதியுள்ள இடமாகப் பார்த்து. பேச வேண்டும் என்றுகூட இல்லை. ஆண்கள் முகம் பார்த்துப் பேசுவதைவிடக் கடலைப் பார்த்துப் பேசுவது சுலபம்.

உங்கள் அம்மாவின் அழுகை எனக்கு நன்றாகப் புரிகிறது. நீங்கள் கடையநல்லூர் வழி என்பதால் இதைச் சொல்கிறேன். உங்கள் சமூகம் 1946-ல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கியது. தமிழ் வழியில் உயர்நிலைக் கல்வி கொடுத்த பள்ளி, 1982-ல் மூடப்பட்டது. அது மூடியபோது நம் பெரியவர்கள் பட்ட வேதனையை உங்கள் அம்மாவிடம் கேளுங்கள், அவருக்கு நினைவிருக்கும். பெயரையாவது விட்டுவிடக் கூடாது என்று உமறுப்புலவர் தமிழ் மொழி நிலையத்தில் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறோம். ஒரு பள்ளிக்கே நமக்கு அவ்வளவு வலித்தது. பேரன் ஒரு தீவையே தேடிக்கொண்டிருக்கிறான். இப்படி எடுத்துச் சொன்னால் உங்கள் அம்மா புரிந்துகொள்வார் என்று நம்புகிறேன். நானும் செம்பவாங் கடற்படைத்தளக் குடியிருப்பில் பிறந்தவள், அந்த வீடுகள் இப்போது இல்லை. ஆனால் என் தாத்தா வேலை தேடி இங்கே வந்தவர், அவருக்குத் திரும்பிப் பார்க்க ஓர் ஊர் இருந்தது. ஆத்தோக்குக்கு இதுதான் ஊர். இந்த வித்தியாசத்தை நாம் தமிழர்கள் மரியாதையோடு மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அவனுக்குத் தமிழ் கொடுத்தது தப்போ என்று நீங்களும் உங்களையே குறை சொல்லிக்கொண்டிருக்கலாம். தப்பே இல்லை. ஆத்தோக்கைப் பற்றிய துக்கத்தை அவன் உங்களிடம் தமிழில்தானே சொன்னான்? அந்த மொழி இல்லாவிட்டால் அந்த வரி உங்கள் காதுக்கே வந்திருக்காது. தீவு அவனுக்குள் வந்தால் தமிழ் வெளியே போய்விடும் என்று நினைக்காதீர்கள். ஒரு பக்கத்தை மறைத்தால்தான் மற்றப் பக்கம் பிழைக்கும் என்று எந்த வீடு சொல்கிறதோ, அங்கேதான் பிள்ளைகள் இரண்டையும் உதறுகிறார்கள். இதை நான் பல வீடுகளில் பார்த்துவிட்டேன்.

அடுத்து, தெலுக் பிளாங்காவில் நெனெக், அதாவது அவனுடைய மலாய்ப் பாட்டி, இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால், இந்தக் கடிதத்தில் நான் சொல்லும் எல்லாவற்றிலும் முக்கியமானவர் அவர்தான். மகனின் மலாய் கடைத்தெரு மலாய் அளவுக்குத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். பரவாயில்லை. வாரம் ஒரு நாள் அவன் அங்கே போகட்டும், ஆனால் கேள்வித்தாளோடு பேட்டி எடுக்கப் போக வேண்டாம். வேலை செய்யப் போகட்டும். சோத்தோங்கை, அதாவது கணவாயை, மையோடு சேர்த்துச் சமைக்கும் சோத்தோங் ஹித்தாம், அசாம் பெடாஸ், கரையில் பொறுக்கும் கொங்கொங் கடல் நத்தையை எப்படி அவிப்பது, பூபு என்கிற மீன்பொறியை எப்படிப் பின்னுவார்கள், ஜோங் என்கிற பொம்மைப் பாய்மரப் படகை எந்தக் காற்றில் விடுவார்கள். கை வேலை செய்துகொண்டிருந்தால் வாய் தானாகத் திறக்கும். திட்டுகளுக்கும் நீரோட்டங்களுக்கும் அவர்கள் வைத்திருந்த பெயர்களைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்ளட்டும், நெனெக் சம்மதித்தால். அந்தப் பெயர்கள் அவரோடு போய்விட்டால் வேறு எங்கே போய்க் கேட்பது?

'ஒராங் லாவுட்' என்ற சொல்லை மட்டும் அவர் மேல் திணிக்க வேண்டாம். சில பெரியவர்களுக்கு அது ஒரு காலத்தில் இழிவாகச் சொல்லப்பட்ட பேச்சு, 'ஒராங் பூலாவ்', அதாவது தீவு ஆள் என்று சொல்லிக்கொள்வதே அவர்களுக்குப் பிடிக்கும். இளையவர்கள் அதே பெயரைப் பெருமையோடு எடுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். 2020-ல் செமாக்காவ் வம்சாவளியினர் தொடங்கிய 'ஒராங் லாவுட் எஸ்ஜி' என்ற முயற்சி, தீவுச் சாப்பாட்டை வைத்தே இந்தக் கதையை வெளியே சொல்லத் தொடங்கியது. தன்னைப் போல் இன்னும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள் என்று உங்கள் மகனுக்குத் தெரியட்டும். அவர்களைப் போய்ப் பார்ப்பதும் பார்க்காததும் அவன் இஷ்டம். தன்னை எந்தப் பெயரில் சொல்லிக்கொள்வது என்பதும் அவன் முடிவு, அதற்கு 17 வயதில் அவசரம் ஒன்றும் இல்லை.

சிரித்த பையனைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லூரிக்குப் போய்ப் புகார் செய்யலாமா என்று துடிப்பீர்கள். மகனைக் கேட்காமல் செய்யாதீர்கள். விரிவுரையாளரிடம் சொல்ல அவன் விரும்பினால் கூட நில்லுங்கள். வகுப்பில் எழுந்து தீவு வரலாறு சொல்லும்படி யாரும் அவனை இழுத்துவிடவும் கூடாது. துக்கத்தில் இருக்கிற பிள்ளை ஊருக்கெல்லாம் பாடம் நடத்த வேண்டிய கடமை இல்லை.

எதிலிருந்து ஆரம்பிப்பது என்று மலைப்பாக இருந்தால், இந்த வாரத்துக்கு மூன்றே காரியம் போதும். மேலே எழுதிய கேள்வியை நீங்கள் இன்றிரவு கேளுங்கள். நாளை கல்லூரி ஆலோசகரிடமோ சாட் நிலையத்திலோ நேரம் வாங்குங்கள். கணவரிடம் அந்தத் துடுப்பைக் காட்டி, அது எந்த மரம், யார் செதுக்கினார்கள் என்று மகன் முன்னாலேயே கேளுங்கள். அவருக்குத் தெரிந்திருக்கும் என்று என் மனசு சொல்கிறது. துடுப்பைக் கட்டிலோரத்திலிருந்து யாரும் எடுக்க வேண்டாம்.

இரண்டு வாரம் கழித்து என்ன ஆயிற்று என்று எழுதுங்கள், காத்திருப்பேன். ஆனால் இன்றிரவு அவன் சொல்லும் பதில் உங்களைப் பயமுறுத்தினால் எனக்கு எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், 1767-ஐ அழையுங்கள்.